ஒன்டாரியோவில் எலெக்ட்ரீசியன் லைசென்ஸ்: ஊர் அனுபவம் செல்லுமா?

காவிரிக்கரை (பிராம்ப்டன்)

எல்லோருக்கும் வணக்கம். மனைவியின் படிப்பை வைத்து பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து, போன நவம்பரில் குடும்பத்தோடு பிராம்ப்டன் வந்து சேர்ந்தோம். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். 2006-ல் ஐடிஐ எலெக்ட்ரீசியன் முடித்தேன். அப்புறம் ஆறு வருடம் ஊரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வீட்டு வயரிங், கல்யாண மண்டபம், ரைஸ் மில் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தேன். அதற்குப் பிறகு துபாயில் ஒன்பது வருடம். அங்கே எல்லாம் பெரிய அடுக்குமாடிக் கட்டடங்கள். கேபிள் ட்ரே, பேனல், டெர்மினேஷன். கடைசி இரண்டு வருடம் ஃபோர்மேன்.

இப்போது ஒரு வேர்ஹவுசில் இரவு ஷிஃப்டில் பெட்டி அடுக்குகிறேன். வேலையைக் குறை சொல்லவில்லை, ஆனால் அங்கே ஒரு லைட் மினுக் மினுக்கென்று கெட்டுப்போய் நிற்கிறது. தினமும் அதற்குக் கீழே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். கை அரிக்கிறது.

மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில். ஒருவர், பதினைந்து வருட அனுபவம் இருக்கிறதே, நேரே பரீட்சை எழுதலாம் என்கிறார். இன்னொருவர், ஊர் அனுபவத்தை இங்கே யாரும் சட்டை செய்ய மாட்டார்கள், முதல் வருட அப்ரென்டிசாகத்தான், அதாவது பயிற்சித் தொழிலாளியாகத்தான், தொடங்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர் ஒரு சின்ன கம்பெனி வைத்திருக்கிறார். "பேப்பரெல்லாம் பிறகு பார்க்கலாம், ஹெல்பராக வா, ஒரு வருடம் போகட்டும், பதிவு செய்து விடுகிறேன்" என்கிறார். அதற்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன்.

கையில் இருப்பது ஐடிஐ சான்றிதழ், தமிழ்நாட்டு வயர்மேன் லைசென்ஸ், துபாய் கம்பெனி கொடுத்த கடிதம். அந்தக் கடிதத்தில் நான் நேர்மையானவன், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்று நாலு வரி. ஊர் கான்ட்ராக்டரிடம் லெட்டர்ஹெட்டே கிடையாது. அந்த ஆறு வருடத்தை விட்டுவிட்டு துபாயை மட்டும் காட்டினால் போதுமா? இந்த வழியில் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சுன்னாகத்தான் (ஸ்காபரோ)

தம்பி, முதலில் அந்த மூன்றாவது ஆளின் கதையை விடுங்கள். மற்றதைப் பிறகு கதைப்போம்.

ஒன்டாரியோவில் 309ஏ, அதாவது கட்டுமான, பராமரிப்பு எலெக்ட்ரீசியன், கட்டாயப் பதிவுள்ள தொழில். ஒன்று உங்களிடம் சான்றிதழ் இருக்க வேண்டும், அல்லது முறையாகப் பதிந்த அப்ரென்டிசாக இருக்க வேண்டும். நடுவில் ஹெல்பர் என்று ஒரு நாற்காலி கிடையாது. 2013-ல் நான் வந்த புதிதில் இப்படித்தான் ஒருவரிடம் ஏழு மாதம் பைப் வளைத்தேன். நாளைக்குப் பதிகிறேன், அடுத்த மாதம் பதிகிறேன் என்றே காலம் போனது. அந்த ஏழு மாதத்தில் ஒரு மணித்தியாலம்கூட என் கணக்கில் ஏறவில்லை. இங்கே ஒரு ஜேர்னிமேனுக்கு, அதாவது சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீசியனுக்கு, ஒரு அப்ரென்டிஸ்தான் வைக்கலாம். ஆகவே அவரிடம் லைசென்ஸ் உள்ளவர்கள் எத்தனை பேர், பதிந்த அப்ரென்டிஸ் எத்தனை பேர் என்று கேளுங்கள். கேள்விக்கு முகம் மாறினால் விடை கிடைத்துவிட்டது.

இனி உங்களுடைய உண்மையான கேள்வி. மற்ற இரண்டு பேரும் சொன்னதில் பாதி பாதி சரி. வெளிநாட்டு அனுபவம் உள்ளவர்களுக்கு ட்ரேட் ஈக்விவலன்சி அசெஸ்மென்ட் என்று ஒரு வழி இருக்கிறது. நான் விண்ணப்பித்தபோது அது ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் ட்ரேட்ஸ் கையில் இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து ஸ்கில்டு ட்ரேட்ஸ் ஒன்டாரியோ பார்க்கிறது. கட்டணம் 235 டொலரும் வரியும். ஆவணங்களைப் பார்த்து, இங்கே அப்ரென்டிஸ் படித்து முடித்தவனுக்குச் சமமாக நீங்கள் இருக்கிறீர்களா என்று முடிவு சொல்வார்கள். ஓம் என்றால் பரீட்சை எழுதலாம். அவ்வளவுதான். அந்தக் கடிதம் லைசென்ஸ் இல்லை. அதைக் காட்டி வேலை செய்ய முடியாது. என் ஒன்றுவிட்ட தம்பி அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை.

சமம் என்றால் எதற்குச் சமம்? 309ஏ அப்ரென்டிஸ் மொத்தம் 9,000 மணித்தியாலம். அதில் 8,160 வேலைத்தலத்தில், 840 வகுப்பில். நீங்கள் துபாயில் நாளுக்கு எட்டு மணி, கிழமைக்கு ஆறு நாள் என்று வைத்தால் வருடம் 2,400 வரும். ஒன்பது வருடத்துக்கு 21,600. இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் துபாயே போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், அங்கேதான் விழுந்தேன்.

நான் தோஹாவில் எட்டு வருடம். கணக்குப் பார்த்தால் மணித்தியாலம் வழிந்தது. கம்பெனி தந்த கடிதத்தில் என் பதவி "டெக்னீசியன்". செய்த வேலை என்ன என்று ஒரு சொல் இல்லை. அதை அனுப்பினேன், போதிய ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்தது. கட்டிய காசும் போனது. இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. பிறகுதான் அந்தத் தொழிலுக்கான திறன் பட்டியலை எடுத்து வைத்து வடிவாக வாசித்தேன். விநியோகம், வீட்டு வயரிங், மோட்டர் கன்ட்ரோல், ட்ரான்ஸ்போர்மர், ஃபயர் அலாரம், தொடர்பு கேபிள் என்று அது பரந்து கிடக்கிறது. எட்டு வருடம் ஒரே மாதிரிக் கட்டடத்தில் ஒரே மாதிரி ட்ரே அடித்தவனுக்கு மணித்தியாலம் இருக்கும், அகலம் இருக்காது.

அதனால்தான் தம்பி, நீங்கள் விட்டுவிடலாமா என்று கேட்கிற அந்தக் கும்பகோணத்து ஆறு வருடத்தை நான் விடச் சொல்ல மாட்டேன். ரைஸ் மில்லில் என்ன செய்தீர்கள்? ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கட்டியிருப்பீர்கள், ஓவர்லோட் ரிலே மாற்றியிருப்பீர்கள், மோட்டர் சுற்றும் திசை மாறினால் இரண்டு பேஸை மாற்றிப் போட்டிருப்பீர்கள். அதெல்லாம் மோட்டர் கன்ட்ரோல். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் சேஞ்ச் ஓவர் இருந்திருக்கும். வீடுகள் இருக்கின்றன. துபாய் உயரத்தைக் காட்டும், ஊர்தான் அகலத்தைக் காட்டும்.

கடிதத்துக்கு நான் கண்ட வழி இது. நீங்களே ஒரு நகல் எழுதி அனுப்புங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கிழமைக்கு எத்தனை மணி, பதவி என்ன, திறன் பட்டியலில் உள்ள எந்தெந்த வேலையை நீங்கள் செய்தீர்கள் என்று. அவர்கள் திருத்திக் கையெழுத்து வைக்கட்டும், தொலைபேசி எண்ணும் போடட்டும். ஒரு வரிகூடப் பொய் வேண்டாம். அங்கே எடுத்துக் கேட்டால் கையெழுத்து வைத்தவர் தடுமாறுவார். என்னுடைய தோஹா கம்பெனி நிர்வாகம் தங்கள் அச்சுக் கடிதத்துக்கு மேல் ஒரு வரியும் எழுத மாட்டோம் என்றுதான் முதலில் சொன்னது. எனக்கு மேலே இருந்த பழைய சுப்பர்வைசர், ஒரு மலையாளி, மூன்று மாதம் விடாமல் நடந்து வாங்கித் தந்தார். துபாய் விசாவில் தொழில் எலெக்ட்ரீசியன் என்று இருந்தால் அந்தப் பக்கத்தையும், சம்பளத் தாள்களையும் சேர்த்து வையுங்கள். தமிழில் இருப்பதைச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்க வேண்டும்.

பரீட்சையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். காலையில் ஆறு மணிக்கு வேலைத்தலத்தில் நிற்க வேண்டும்.

இரவு_ஷிஃப்ட் (மார்க்கம்)

அண்ணை சொல்வது எல்லாம் சரிதான், ஆனால் ஏன் இவ்வளவு சுற்று? வேலை தெரிந்தவன் பேஸ்மெண்ட் வேலைகள் எடுத்தாலே போதும். காசு கையில். எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து வருடமாக லைசென்ஸ் இல்லாமல் செய்கிறார். ஒரு பிரச்சினையும் இல்லை.

சுன்னாகத்தான் (ஸ்காபரோ)

பிரச்சினை அவருக்கு இதுவரை வராமல் இருக்கலாம் தம்பி, வீட்டுக்காரருக்கும் வரும். போன குளிர்காலம் ஒரு வீட்டுக்குப் போனேன். பேஸ்மெண்டில் புதுக் குசினி, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மைக்ரோவேவும் டிவியும் ஒரே மாலையில் புகைந்துவிட்டன. காவிரிக்கரைக்கு இது உடனே விளங்கும்: ஊரில் மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் தெரு முழுக்க டிவி போகுமே, அதே கதை. இங்கே வீட்டுக்கு வருவது 240 வோல்ட், நடுவில் நியூட்ரல், இரண்டு பக்கமும் 120. குசினியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நியூட்ரலைப் பொதுவாகக் கொண்டுபோவது உண்டு. அந்த நியூட்ரலை மேரெட் (கம்பிகளை இணைக்கும் தொப்பி) போடாமல் முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார் ஒரு கெட்டிக்காரர். அது கழன்றதும் இரண்டு பக்கத்துச் சாமான்களும் 240-க்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டன. லோட் குறைந்த பக்கத்தில் வோல்ட்டேஜ் ஏறியது. பெர்மிட் எடுக்காத வேலை. சுவருக்குள் தீ பிடித்திருந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். மேலே இரண்டு சின்னப் பிள்ளைகள் தூங்குகிற வீடு அது.

சரி, பரீட்சை.

100 கேள்வி, நான்கு மணித்தியாலம், எல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தெரிவது. 70 எடுத்தால் பாஸ். அதில் பாஸானால் ரெட் சீலும் கிடைக்கும், மற்ற மாகாணங்களுக்குப் போனாலும் செல்லும். நான் எழுதிய காலத்தில் பரீட்சைக் கட்டணம் 150 டொலரும் வரியும். மின்சாரக் கோட் புத்தகம், அதாவது வயரிங் விதிகளின் புத்தகம், அங்கேயே தருவார்கள், உங்களுடையதைக் கொண்டுபோக முடியாது. ஆகவே புத்தகத்தில் வண்ண வண்ணமாக ஒட்டி வைப்பது வீட்டில் படிக்கத்தான் உதவும். மனப்பாடமும் வேண்டாம். எந்தப் பிரிவில் எது இருக்கிறது என்று விரல் போய் நிற்க வேண்டும். 8 என்றால் லோட் கணக்கு, 10 என்றால் கிரவுண்டிங்கும் பொண்டிங்கும், 28 என்றால் மோட்டர், 2-ஆம் அட்டவணை பைப்புக்குள் போகும் செப்புக் கம்பியின் ஆம்பியர்.

நான் முதல் தடவை 64 எடுத்து விழுந்தேன். இருபது வருடம் கரண்டோடு வாழ்ந்தவன் விழுந்தது ஏன் என்று யோசித்தால், எனக்குத் தெரிந்ததுதான் என்னை விழுத்தியது. எங்களுக்கு எல்லாமே எர்த்திங். இங்கே அது இரண்டு. நிலத்தோடு இணைப்பது கிரவுண்டிங். கரண்ட் ஓடக் கூடாத உலோகங்களை, பெட்டி, பைப், மோட்டர் உடம்பு, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கட்டுவது பொண்டிங். கேள்வியில் ஒன்றைக் கேட்டு, விடையில் மற்றதன் கம்பி அளவையும் வைத்திருப்பார்கள். எர்த் என்று மனத்தில் வாசித்தால் போச்சு.

நிறம் அடுத்தது. ஊரில் கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்பில் உயிர் இருக்கிறது, வெள்ளைதான் நியூட்ரல். பரீட்சையில் இதைப் பிழைக்க மாட்டீர்கள். ஆனால் வேலைத்தலத்தில், களைத்துப்போன பின்னேரத்தில், மூளையைக் கேட்காமல் கை போகும். முதல் வருடம் முழுக்க நான் ஒவ்வொரு பெட்டியிலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் கட்டினேன். கூட வேலை செய்த பெடியன் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தான்.

லோட் கணக்கில் ஒரு பொறி. நான் எழுதிய காலத்துக் கோட்டின்படி சொல்கிறேன். வீட்டின் கணக்கிட்ட பரப்பு 200 சதுர மீட்டர். முதல் 90-க்கு 5,000 வாட், அதற்கு மேல் ஒவ்வொரு 90-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1,000. மிச்சம் 110, ஆகவே இரண்டு ஆயிரம். மொத்தம் 7,000. மின் அடுப்பு 12 கிலோவாட்டுக்கு 6,000. உடுப்புக் காயவைக்கிற மெஷின் 5 கிலோவாட்டில் கால் பங்கு, 1,250. ஏசி 3,000 முழுவதும். கூட்டினால் 17,250. 240-ஆல் பிரித்தால் 72 ஆம்பியர் வரும். விடைகளில் 72-உம் இருக்கும், பார்த்தவுடன் சந்தோஷமாக அதைத் தெரிவோம். பிழை. 80 சதுர மீட்டருக்குக் குறையாத வீட்டுக்கு ஆகக் குறைந்தது 100 ஆம்பியர் என்று அதே விதியின் இன்னொரு மூலையில் எழுதியிருக்கிறது. கணக்குத் தெரிந்தவன் விழுவான், விதியைக் கடைசி வரை வாசித்தவன் தப்புவான்.

இரண்டாவது தடவைக்கு முன் கல்லூரியில் பரீட்சை ஆயத்த வகுப்புக்குப் போனேன், பன்னிரண்டு சனிக்கிழமை. மனைவி இரண்டு வேலை பார்த்தார். 78 வந்தது. அது 2015.

ஒரு விஷயம் எல்லோரும் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 309ஏ கையில் வந்தால் லைசென்ஸ் உள்ள கம்பெனியில் எலெக்ட்ரீசியனாக வேலை செய்யலாம். மாமி வீட்டில் சொக்கெட் போட்டுக் காசு வாங்க முடியாது. அதற்கு எலெக்ட்ரிக்கல் சேஃப்டி அத்தாரிட்டியின் கான்ட்ராக்டர் லைசென்ஸ் தனியாக வேண்டும், இரண்டு மில்லியன் டொலர் பொறுப்புக் காப்புறுதி வேண்டும், மாஸ்டர் எலெக்ட்ரீசியன் ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். மாஸ்டர் பரீட்சை எழுத, சான்றிதழ் எடுத்துக் குறைந்தது மூன்று வருடம் வேலை செய்திருக்க வேண்டும். நான் 2019-ல்தான் எடுத்தேன்.

சுன்னாகத்தில் பவர் ஹவுஸுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். என்னுடைய பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ. அந்த டைனமோவைக் கழற்றிப் பூட்டித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். அதை எந்த விண்ணப்பத்தில் எழுதுவது!

யாராநதி (மெல்பன்)

ஆஸ்திரேலியா யோசிக்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. இங்கே வழி வேறு. ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா முறையில் திறன் மதிப்பீடு பாஸானால் ஆஃப்ஷோர் டெக்னிக்கல் ஸ்கில்ஸ் ரெக்கார்ட் என்று ஒன்று தருவார்கள். அதை வைத்து மாநிலத்தில், ஒருவர் மேற்பார்வையில் மட்டும் வேலை செய்யும் லைசென்ஸ். அப்படி வேலை செய்துகொண்டே உள்ளூர் முறைகளுக்கான இடைவெளிப் பயிற்சியை முடித்தால்தான் முழு லைசென்ஸ். நான் சென்னையிலிருந்து வந்தவன். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் சுன்னாகத்தான் அண்ணன் சொல்லும் 120/240 குழப்பம் எனக்கு வரவில்லை. வேலை தேடும்போது, மேற்பார்வை லைசென்ஸ்காரனை எடுக்கத் தயாரான முதலாளியைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்து மாதம் ஆனது.

காவிரிக்கரை (பிராம்ப்டன்)

அண்ணா, நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது. அந்த ஹெல்பர் வேலைக்காரரிடம் நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். லைசென்ஸ் உள்ளவர் அவர் ஒருவர்தான், ஒரு அப்ரென்டிஸ் ஏற்கனவே இருக்கிறார். "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்றார். விட்டுவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். ஊர் கான்ட்ராக்டர் இப்போது தொழிலைப் பையனிடம் கொடுத்துவிட்டார். பையன் ஜிஎஸ்டி எண்ணோடு லெட்டர்ஹெட் அடித்து வைத்திருக்கிறான். நான் அனுப்பிய நகலைப் பெரியவர் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாராம். 2009-ல் மில் மோட்டர் 15 குதிரைசக்தி என்று நான் எழுதியிருந்தேன், இல்லை, 20 என்று போட்டு அனுப்பியிருக்கிறார். மில் முதலாளியும் தனியாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். துபாய் கம்பெனியில் இன்னும் இழுக்கிறார்கள். என்னோடு இருந்த ஒருவர் இப்போது அங்கே ப்ராஜெக்ட் பக்கம் இருக்கிறார், அவரை விடாமல் பிடித்திருக்கிறேன். அது வந்ததும் விண்ணப்பம் போட்டுவிடுவேன்.

ஒரு சின்ன சந்தேகம். 2018 கோட் புத்தகம் ஒன்று 30 டாலருக்கு ஒருவர் விற்கிறார். படிக்க வாங்கிவிடலாமா? புதுசு விலை பார்த்தால் மயக்கம் வருகிறது.

சுன்னாகத்தான் (ஸ்காபரோ)

வாங்க வேண்டாம். கோட் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. விதி எண்ணும் அட்டவணையும் இடம் மாறியிருக்கும், விரல் பழைய இடத்தில் போய் நிற்கும். பரீட்சை எந்தப் பதிப்பில் நடக்கிறது என்று விண்ணப்பம் சரிவந்த பிறகு கேட்டு, அதையே பழையதாகத் தேடுங்கள். வகுப்பு முடித்த பெடியன்கள் விற்பார்கள்.

அதுவரைக்கும் நூலகத்தில் மோட்டர் பிரிவைப் படியுங்கள். என்னிடம் லோட் கணக்கு எழுதிய பழைய கொப்பி ஒன்று இருக்கிறது, பாதி தேத்தண்ணி ஊறியது. தனிச்செய்தியில் எழுதுங்கள், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த வேர்ஹவுஸ் லைட்டை மட்டும் தொடாதீர்கள்.

காவிரிக்கரை (பிராம்ப்டன்)

தொடவில்லை அண்ணா. லைசென்ஸ் உள்ள ஒருவர் நேற்று வந்து பாலஸ்ட் மாற்றினார். பத்து நிமிடம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.